மகனுக்கு: 158ஆம் இறாக்கையில் இருந்து

கிளிநொச்சி

அன்பு மகன்,

நீ அனுப்பின குரல் பதிவைத் தங்கச்சி போட்டுக் காட்டினாள். அவள் ரியூசனுக்குப் போன பிறகு தனிய இருந்து இன்னொருக்கால் கேட்டேன். “புத்தகமும் வாசிச்சுப் பார்த்திட்டன், விடிய அஞ்சு மணிக்கு எழும்பியும் பார்த்திட்டன், ஒண்டும் மாறேல்லை அம்மா. பிழை என்னிலதான்” என்கிறாய். அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் கதைத்தால் “சரி அம்மா, சரி அம்மா” என்று சொல்லிச் சொல்லியே வைத்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

முதலில் அந்த ஐந்து மணிக் கதையை விடு. வேர்ஹவுஸில் இரவு வேலை முடித்து விடிய ஆறு மணிக்கு அறைக்கு வருகிறவனுக்கு ஐந்து மணிக்கு எழும்பச் சொல்லுகிற புத்தகம் யாருக்கோ எழுதினது. நீ நித்திரை கொள்.

அந்தப் புத்தகங்களை எனக்கு நல்லாய்த் தெரியும். எங்கள் நூலகத்தில் அவை 158ஆம் இலக்கத்தில் நிற்கின்றன. நூலகங்கள் புத்தகத்துக்கு இலக்கம் போடுகிற டூயி பகுப்பில் உளவியலோடு சேர்த்துத்தான் தன்னம்பிக்கை, வெற்றி, முன்னேற்றம் எல்லாம். ஏ.எல். பெறுபேறு வந்த கிழமையில் அந்த இறாக்கை வெறுமையாகிவிடும். திரும்பி வரும்போது நான் ஒரு வேலை செய்வேன். புத்தகத்தை மூடிப் பிடித்து முன்விளிம்பைப் பார்ப்பேன். எதுவரை விரல் பட்டதென்று ஊத்தை காட்டிக் கொடுத்துவிடும். நாவலென்றால் கடைசித் தாள்வரை ஒரே மண்ணிறம். சமையல் புத்தகமென்றால் கேக் அடிக்கிற பக்கத்தில் மட்டும் எண்ணெய். 158இல் முதல் கால்வாசி கறுத்திருக்கும், மிச்சம் அச்சுக்கூடத்திலிருந்து வந்த மாதிரியே வெள்ளை. ஆகவே, பாதியில் விட்டவன் நீ மட்டுமென்று நினைக்காதே. கிளிநொச்சி முழுக்க உனக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள்.

ஏன் விடுகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். முதல் அத்தியாயம் முதுகில் தட்டிக் கொடுக்கும். இரண்டாவதோ மூன்றாவதோ, உன்னுடைய இன்றைய நிலைக்கு முழுப் பொறுப்பும் நீதான் என்று தொடங்கும். எங்கள் ஊரில் அந்த இடத்தில்தான் ஆட்கள் புத்தகத்தை மூடுகிறார்கள். 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் முள்ளுக்கம்பிக்குள் ஒரு தறப்பாளின் கீழ் இருந்த எங்களிடம் ஒருவர் வந்து அதைச் சொல்லியிருந்தால் அப்பா என்ன மறுமொழி சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. உனக்கு அப்போது பத்து வயது. தண்ணீர் வரிசையில் கானை வைத்துக்கொண்டு நிற்பாய். அந்த வரிசைக்கு நீயா பொறுப்பு? கல்லூரிக் காசு கூடினதற்கும் நீ பொறுப்பில்லை. உன்னால் முடிந்ததும் இருக்கிறது, உன் கைக்கு எட்டாததும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் உன் தலையில் கட்டுகிற புத்தகம் உன்னை வளர்க்காது.

இப்போது நீ கேட்கிற ஹிப் ஹொப் பாட்டுகளுக்கு வருகிறேன். தங்கச்சி வரிகளைப் போனில் எடுத்துத் தர, நான் அகராதியோடு இருந்து வாசித்தேன். தூஷணத்தைக் கழித்தால் பாதிதான் மிஞ்சுகிறது. பொம்பிளைப் பிள்ளைகளைப் பற்றி அந்தப் பாடகர்களில் கனபேர் பாடுகிற விதத்துக்கு நீ என்ன நியாயம் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். காசு, சங்கிலி, கார் என்று அளக்கிறதும் அப்படித்தான். அது தாளம் போட்ட 158. ஆனால் மிச்சம் இருக்கிற பாதி வேறு சாமான். அதைப் பற்றித்தான் கதைக்க வேண்டும்.

இந்த ஹிப் ஹொப் பிறந்த இடத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். நியூயோர்க்கில் பிறொங்ஸ் என்ற பகுதி. நடுவால் ஒரு பெருந்தெரு போட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பிவிட்டார்கள். 1970களில் தெற்குப் பக்கத்தில் மாடிவீடுகள் எரிந்துகொண்டே இருந்தன. காப்புறுதிக் காசுக்காகத் தங்கள் கட்டடத்துக்குத் தாங்களே தீ வைப்பித்த சொந்தக்காரர்களும் இருந்தார்கள். எரிந்த வீடும் இடம்பெயர்வும் நமக்குப் புதினமில்லை. அதனால்தான் மேலே வாசித்தேன்.

அங்கே கிளைவ் காம்பெல் என்று ஒரு பெடியன். ஜமேக்காவிலிருந்து 12 வயதில் வந்து இறங்கினவன். பிறகு ஊர் அவனைக் கூல் ஹேர்க் என்றது. 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி அவனுடைய தங்கச்சி சிண்டி, தாங்கள் இருந்த கட்டடத்தின் பொது மண்டபத்தில் ஒரு பார்ட்டி வைத்தாள். பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது, புது உடுப்பு வாங்கக் காசு வேண்டும். கையால் எழுதின அழைப்பு. பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். உலகத்தையே ஆட்டுகிற ஒரு கலையின் பிறந்தநாள் என்று இன்று கொண்டாடுவது இந்த உடுப்புக் காசுப் பார்ட்டியைத்தான். அந்த அறையில் ஒருவரும் விடிய எழும்பி இலட்சியத்தை எழுதி வைத்ததாக நான் வாசிக்கவில்லை.

அவன் செய்த புதுமையைக் கேள். இசைத்தட்டில் பாட்டு நின்று மேளம் மட்டும் ஒலிக்கிற ஒரு சின்னத் துண்டு வரும், சில விநாடிகள்தான். ஆடுகிறவர்கள் அந்தத் துண்டுக்காகவே காத்து நிற்பதை அவன் கவனித்தான். அதே தட்டில் இரண்டு எடுத்து, இரண்டு சுழல்மேசையில் போட்டு, ஒன்றில் அந்தத் துண்டு முடிய மற்றதில் தொடங்கி, திரும்ப முதலாவதுக்கு வந்து, சில விநாடியை நிமிடக்கணக்காக நீட்டினான். கூத்தில் அண்ணாவியார் ஆட்டக்காரனின் காலைப் பார்த்து மத்தளத்தில் அடியை நீட்டுவாரே, அது மாதிரி. அம்மப்பா முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடினவர். இதைக் கேட்டிருந்தால் “இதில் என்ன புதினம்” என்றிருப்பார். அவர் எழுத்தைப் பார்த்துப் படித்ததில்லை, விடிய விடியப் பாடுகிற தரு முழுவதும் வாயில்தான் இருந்தது. உன்னுடைய பாடகர் ஜேசீ பேனை எடுக்காமல் மனத்துக்குள்ளேயே வரி கட்டுவாராம் என்று நீ பெரிதாய்ச் சொன்னபோது நான் சிரித்தது அதற்குத்தான்.

ஹேர்க்கிடம் எனக்குப் பிடித்தது அந்தக் கவனிப்பு. அவன் தன்னைத் திருத்திக்கொண்டு நிற்கவில்லை, முன்னால் நிற்கிறவர்களின் காலைப் பார்த்தான். 158ஆம் இறாக்கையில் கண்ணாடிக்கு முன் நின்று உன்னைப் பார் என்பார்கள். பார்த்துப் பார்த்துத்தான் நீ இந்த நிலைக்கு வந்திருக்கிறாய்.

நாஸ் என்ற பாடகரை எடு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தகப்பன் ஜாஸ் வாத்தியக்காரர். முதல் இசைத்தட்டு 1994இல் வந்தபோது வயது 20. அதில் உலகத்தைப் பற்றிப் பெரிய கதை இல்லை. குயீன்ஸ்பிறிட்ஜ் தொடர்மாடியில் தான் வளர்ந்த இடம், அங்கே நிற்கிறவர்கள், சிறைக்குப் போன கூட்டாளிக்கு ஒரு கடிதம். 2013இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹிப் ஹொப் ஆய்வுக்கு அவர் பெயரிலேயே ஒரு புலமைப்பரிசில் வைத்தார்கள். அந்தப் பரிசை நீ பார்க்காதே. 20 வயதுப் பெடியன் ஒருவன் தன் மாடிப்படியில் நடந்ததை ஒளிக்காமல், மிகைப்படுத்தாமல், ஒரு சொல் பிசகாமல் சொல்லப் பழகியிருக்கிறான், அதைப் பார். நடந்ததைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் எது தன்னால், எது தன்னாலில்லை என்று பிரிக்கத் தெரியும். எனக்கு வளர்ச்சி என்றால் இதுதான். மற்றதெல்லாம் பிறகு.

சொல்லப் பழகுவது எப்படி என்று கேட்பாய். அதற்கு அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸ். உன்னுடைய பாடகர்கள் அவருடைய பேச்சைத் துண்டு துண்டாய் வெட்டிப் பாட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அவருடைய சுயசரிதை 1965இல் வந்தது, அவர் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டு. அதில் சிறைக் கதை ஒன்று வருகிறது. உள்ளே இருந்து கடிதம் எழுதப் பார்க்கிறார், மனத்தில் உள்ளது தாளில் வரவில்லை. அந்த எரிச்சலில் அகராதி ஒன்றும் எழுதுதாளும் பென்சிலும் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தை நிறுத்தக்குறி முதற்கொண்டு அப்படியே பார்த்து எழுதுகிறார். ஒரு நாள் பிடித்தது. எழுதினதைத் தனக்குத் தானே உரத்து வாசிக்கிறார். அடுத்த பக்கம். அதற்கடுத்த பக்கம். பெரிய ஆள் ஆகவேண்டுமென்று தொடங்கின வேலை இல்லை. ஒரு கடிதம் ஒழுங்காக எழுதவேண்டும், அவ்வளவுதான்.

இதை வாசித்தபோது எனக்கு மல்லாவிதான் ஞாபகம் வந்தது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி அங்கே இருந்த காலம். கரண்ட் இல்லை. பற்றரி தடை. றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற டைனமோவில் மற்றவர்கள் கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி இழுபடும். பேப்பரைக் கொப்பித் தாளில் அடித்தார்கள். மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் போட்ட ஒரு நாவலின் தமிழ்ப் பிரதி ஒன்று வீடு வீடாய்ச் சுற்றி என்னிடம் வந்தது. அடுத்த வீட்டுக்காரி காத்திருக்கிறாள், வைத்திருக்க முடியாது. ஜாம் போத்தல் விளக்கில் எனக்குப் பிடித்த பகுதிகளைச் சீஆர் கொப்பியில் பார்த்து எழுதினேன். வாசிக்கும்போது வழுக்கிக்கொண்டு போன வசனம், எழுதும்போது கையில் தடக்கும். இந்தச் சொல்லை ஏன் இங்கே வைத்தான், இதை ஏன் முதலில் சொன்னான் என்று விரல் கேட்கும். இடம்பெயர்வில் அந்தக் கொப்பி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் நூலகத்துக்கு ஒரு நல்ல புத்தகம் வந்தால் ஒரு பக்கமாவது எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இலக்கம் போடுவேன். உன்னுடைய போனில் கோடு போட்டு வைக்கிற வசதி இருக்கிறதாம். கோடு போடாதே, கையால் எழுது.

இன்னொன்று. 2021இல் தீ, அறிவு என்ற இரண்டு பாடகர்கள் சேர்ந்து பாடின “எஞ்சாயி எஞ்சாமி” பாட்டு இங்கேயும் கல்யாணவீடு, ஓட்டோ எல்லாவற்றிலும் கேட்டது. அறிவுடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964இல் இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தில் அப்படிப் போகவேண்டி வந்தவர்கள் இலட்சக்கணக்கில். மலையாளபுரத்திலிருந்து நூலகத்துக்கு வருகிற பிள்ளை ஒன்று இதைக் கேள்விப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய், “அம்மாயி, நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேட்டிருக்கிறாள். அதுவரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை. 1977 கலவரத்தில் மலையிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். பாட்டி சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்: தோட்டத்தின் பெயர், லயத்தில் எத்தனையாவது காம்பரா, ஏறி வந்த லொறியில் எதை விட்டுவிட்டு வந்தார்கள். 40 தாள் கொப்பியில் பாதி. எழுத்துப் பிழை கனக்க. நான் திருத்தவில்லை. மட்டை கட்டி, சேர்விலக்கம் போட்டு, உள்ளூர் வரலாறு என்ற இடத்தில் வைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளை 158 எடுக்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தக் கொப்பி எழுதின பிறகு அவள் கதைக்கிற விதமே வேறு. முன்பு மேசைக்குக் கிட்ட வரவே பயப்படுவாள். இப்போது எனக்கே, இந்தப் புத்தகம் ஏன் இல்லை, அது ஏன் இல்லை என்று கணக்குக் கேட்கிறாள்.

நீயும் நாலு வரி கட்டுவாய் என்று தங்கச்சி சொன்னாள். எனக்கு அனுப்பவில்லை. தூஷணம் இருக்கிறதாக்கும். பரவாயில்லை, அனுப்பு, நான் நூலகக்காரி, எல்லாம் பார்த்தவள். ஆனால் பிறொங்ஸ் பெடியன் மாதிரி துவக்கும் சங்கிலியும் எழுதாதே. துவக்குச் சத்தம் என்னவென்று உனக்கு அவர்களைவிட நல்லாய்த் தெரியும், அதை அலங்காரத்துக்கு எடுக்காதே. வேர்ஹவுஸில் பெட்டி தூக்குகிறதை எழுது. பக்கத்தில் நிற்கிற அந்த எரித்திரிய அண்ணையை எழுது. அவர் வீட்டுக்குக் காசு அனுப்புகிற நாளில் சாப்பிடுவதில்லை என்றாயே, அதை எழுது. எழுதிவிட்டு அவருக்கே வாசித்துக் காட்டு. ஹேர்க்குக்கும் முன்னால் ஆட்கள் நின்றார்கள், தனி அறையில் இருந்து செய்யவில்லை.

அந்த 158 புத்தகங்களை எறிய வேண்டாம். சின்னச் சின்னப் பழக்கம், நேரம் பார்த்து வேலை என்று சில நல்ல விஷயங்கள் அவற்றிலும் உண்டு. உப்பு மாதிரி அளவாய் எடு.

அப்பாவுக்குப் பிரஷர் குளிசை மாற்றியிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. இரணைமடுக் குளத்தில் இந்த முறை தண்ணீர் நல்லாய் நிற்கிறது, சிறுபோகம் செய்யலாம் என்று சந்தோஷமாய் இருக்கிறார். நீ நூலகத்துக்குப் புத்தகம் போடப் போகிறேன் என்றாய். தன்னம்பிக்கைப் புத்தகம் போடாதே, இறாக்கையில் இடமில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் படம் போட்டது, நல்ல ஆங்கில அகராதி இரண்டு, முடிந்தால் ஒரு உலகப்படம். கப்பலில் போடு. ஆகாயமார்க்கமாய் அனுப்பிக் காசை வீணாக்காதே.

அன்புடன்,
அம்மா