சர்வீஸ் மையத்தில் கழியும் நாள்களும் வழக்கின் காலவரம்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கார் வாங்குவோர் வாரன்டி எத்தனை ஆண்டு என்று தவறாமல் கேட்கிறார்கள். உற்பத்திக் குறைபாடு தெரியவந்தால் எவ்வளவு காலத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்று கேட்பவர் அரிது. இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. வாரன்டி என்பது தயாரிப்பாளர் தரும் உறுதிமொழி. வழக்குக்கான காலவரம்பைச் சட்டம் தனியே வகுக்கிறது. வாரன்டி நடப்பில் இருக்கும்போதே அது முடிந்துபோகவும் கூடும்.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவுப்படி, வழக்கு மூலம் (அதாவது வழக்குத் தொடர்வதற்கான காரணம்) எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யப்பட வேண்டும். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால், அதைப் பதிவுசெய்து நுகர்வோர் ஆணையம் புகாரை ஏற்கலாம். ஆனால் அதை உரிமையாகக் கோர முடியாது. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டாலும் காலவரம்பை ஆணையம் தானாகவே பார்த்தாக வேண்டும் என்று, முந்தைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் 2009-இல் கூறியிருக்கிறது.

வழக்கு மூலம் எந்த நாளில் எழுந்தது என்பதில்தான் சிக்கலே. கியர் மாற்றும்போது அதிர்வு இருப்பதாகச் சொல்லி உரிமையாளர் காரை விடுகிறார். மென்பொருளைப் புதுப்பித்துவிட்டோம் என்று திருப்பித் தருகிறார்கள். அதே அதிர்வு மீண்டும் வருகிறது. இம்முறை உதிரிபாகம் வர வேண்டும் என்று கார் வாரக்கணக்கில் நிற்கிறது. நல்லெண்ணத்தோடு காத்திருப்பவருக்குக் காலம் ஓடிக்கொண்டிருப்பது தெரிவதில்லை. பின்னர் வழக்கு வரும்போது, கார் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று ஒரு தரப்பும், பழுதுபார்ப்பு கடைசியாகத் தோற்ற நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. குறைபாடு உண்மையா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. நிறுவனத்துக்குத் தொடர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் மட்டும் காலவரம்பு நீள்வதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இதற்குத் தீர்வு காண்பது கடினமன்று. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், குறையுள்ள பொருளை நிராகரித்துப் பணத்தைத் திரும்பப் பெற 30 நாள் தருகிறது. பழுதுபார்க்க ஒப்புக்கொண்டால், பொருள் சரிசெய்யப்பட்டு வரும்வரை அந்த 30 நாள் கணக்கு நின்றுவிடும். மிச்சமிருப்பது ஏழு நாளுக்குக் குறைவாக இருந்தால், திரும்பி வந்த பிறகு ஏழு நாளாவது கிடைக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டத்திலும், பொருள் பழுதுபார்ப்பில் இருக்கும் நாள்கள் வாரன்டி காலத்தில் சேர்க்கப்படுவதில்லை. இவை வழக்கின் காலவரம்பைப் பற்றிய விதிகள் அல்லதான். ஆயினும் பழுதுபார்க்க அவகாசம் கொடுத்தவர் அதனாலேயே உரிமையை இழக்கக் கூடாது என்ற அதே நியாயம் 69-ஆவது பிரிவுக்கும் பொருந்தும். கார் சர்வீஸ் மையத்தின் பொறுப்பில் இருந்த நாள்களை இரண்டு ஆண்டுக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும் என்று அப்பிரிவில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அப்படியானால் தயாரிப்பாளரின் பொறுப்புக்கு முடிவே இராது என்ற ஆட்சேபம் எழலாம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. அதற்கு ஒரு வெளி எல்லை வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியா 2024-இல் இயற்றிய சட்டம், அச்சட்டத்தின் நடைமுறையை ஏற்கும் தயாரிப்பாளர்களைப் பொறுத்தவரை, வழக்குத் தொடர, வாரன்டி முடிந்த பின் ஓராண்டு என்றும், எப்படியாயினும் கார் முதலில் ஒப்படைக்கப்பட்டதிலிருந்து ஆறு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் வரையறுத்திருக்கிறது. நாள்களை எண்ணுவதிலும் தகராறுக்கு இடமில்லை. கார் உள்ளே வந்த தேதியும் வெளியே போன தேதியும் நிறுவனத்தின் ஏட்டிலேயே இருக்கின்றன.

உரிமையாளரிடம்தான் அவை இருப்பதில்லை. வாய்மொழியாகச் சொன்ன புகார், சர்வீஸ் மையம் எழுதும் பணிச்சீட்டான ஜாப் கார்டில் ஏறுவதில்லை. ஏறினாலும் ‘பொதுப் பரிசோதனை’ என்று முடிந்துவிடுகிறது. ஆகவே, வாடிக்கையாளர் சொன்ன புகாரை அவர் சொன்னபடியே, தேதியோடு எழுதிய ஜாப் கார்டின் நகலை ஒவ்வொரு முறையும் தர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குவதோடு, காருடன் தரப்படும் வாரன்டி கையேட்டில், வழக்குத் தொடர்வதற்கான சட்டக் காலவரம்பையும் அச்சிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்