கணினி வாங்கப்போகும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் மதிப்புக்குரிய பணிப்பாளர் சபையினருக்கு,

வணக்கம். 'சங்கத்தைக் கணினிமயமாக்கல்' என்று ஒற்றை வரியில் விலைமனு கோராதீர்கள். கோரினால், விற்பவர் தன் கையில் இருப்பதைத்தான் தருவார். பெரும்பாலும் அது தலைவரின் கைப்பேசியில் வண்ண வண்ணமாக வரைபடம் காட்டும் ஒன்றாக இருக்கும்.

உங்களுக்குத் தேவையானவை மூன்று. கடையில் விற்பனைப் பட்டியல் (பில்) போடுவது, கிராமிய வங்கியில் வைப்பும் அடகும் பதிவது, நெல்லை நிறுத்து வாங்குவது எல்லாம் கொடுக்கல் வாங்கல் முறைமையின் வேலை. அந்தப் பதிவுகளைத் திரட்டி, எந்தக் கிளையில் சரக்குத் தேங்கிக் கிடக்கிறது, யாருடைய கடன் தவணை தாண்டிவிட்டது என்று பொது முகாமையாளருக்குக் காட்டுவது முகாமைத்துவத் தகவல் முறைமை. பெரும்போக நெல்லுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கலாம், கிலோவுக்கு 5 ரூபா இறங்கினால் எவ்வளவு நட்டம் என்று முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது தீர்மான உதவு முறைமை. இந்தக் கடைசி வேலைக்கு ஒழுங்கான எக்செல் தாள் ஒன்றே போதும். பணத்தை முதலாவதில் போடுங்கள், பிழைகள் பிறக்கும் இடம் அதுதான்.

நெல் கொள்வனவையே பாருங்கள். விவசாயி மூடைக் கணக்குச் சொல்வார், பழைய பேரேடு புசலில் இருக்கும், தராசு கிலோ காட்டும். ஒரு புசல் நெல் ஏறத்தாழ 20.9 கிலோ, மூடையின் நிறையோ இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே நிறையைக் கிலோவில் மட்டும் பதியுங்கள், மூடை எண்ணிக்கைக்குத் தனிக் கட்டம் இருக்கட்டும். ஈரப்பதனுக்கும் ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். 18 வீத ஈரத்தில் வாங்கிய 1000 கிலோ நெல், 14 வீதத்துக்குக் காய்ந்தால் ஏறத்தாழ 953 கிலோதான் தேறும். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் மிச்ச 47 கிலோவும் இருப்பறிக்கையில் குறைவாக விழும். பழி களஞ்சியப் பொறுப்பாளர் தலையில்.

அடுத்தது அங்கத்தவர் பதிவு. பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். இரண்டையும் அப்படியே ஏற்றினால் ஒரே ஆள் இரண்டு அங்கத்தவர் ஆகிவிடுவார்: கடன் ஒரு பெயரில், வைப்பு மற்றதில். பழைய இலக்கத்தின் எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, பழைய முதல் ஐந்து இலக்கங்களுக்கு அடுத்து ஒரு 0 இட்டால் புதிய வடிவம் கிடைக்கும். இதை மென்பொருளே செய்யட்டும். யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பெயர்கள் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகள், தேடினாலும் அகப்படா. அவற்றை யுனிகோடுக்கு மாற்றும் வேலையையும் விலைமனுவிலேயே எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் தனிக் காசு.

மாரி மழையில் மின்சாரமும் இணைய இணைப்பும் போகத்தான் செய்யும். இணைப்பு இல்லாதபோதும் கிளையில் பட்டியல் விழவேண்டும், இணைப்பு வந்ததும் தானாகத் தலைமையகத்துக்குப் போகவேண்டும். பட்டியல் இலக்கத்தில் கிளைக் குறியீடு இல்லையென்றால் இரு கிளைகளின் பட்டியல்கள் ஒரே இலக்கத்தில் மோதும், அல்லது ஒரே விற்பனை இருமுறை ஏறும். காப்புப் பிரதியைத் தினமும் எடுங்கள். 2004 சுனாமி கண்ட கரையோரச் சங்கங்கள் ஒரு பிரதியை வாவிக்கு மேற்கே, உள்நாட்டுப் பக்கமான படுவான்கரையில் வைப்பது நல்லது, அங்கும் வெள்ளம் எட்டாத மேல்மாடியில். மாதம் ஒருமுறை அதை வேறு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை.

ஆளுக்கொரு கடவுச்சொல். பிழையான பட்டியலை அழிக்கும் வசதியே கூடாது. பிழையை ஈடுகட்டும் எதிர்ப்பதிவு மட்டும், அதையும் காசாளர் அல்லாத ஒருவர் போடவேண்டும்.

தொடங்கும் மாதத்தையும் யோசியுங்கள். சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்திலோ நெல் கொள்வனவுக் காலத்திலோ வேண்டாம். ஒரு மாதம் ஏட்டையும் கணினியையும் சேர்த்தே ஓட்டி, ஒவ்வொரு மாலையும் காசையும் இருப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி விடுபடவே கூடாது: ஒப்பந்தம் முடியும்போது விற்பவர் தரவு முழுவதையும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்புகளாக, கட்டணமின்றி, சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கிழக்கில் கணக்கு மென்பொருள்களை நிறுவிப் பராமரிப்போர் சிலர்