மணி ஐயர் பெயரை எப்படி விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், ஆங்கிலேயர் கொடுத்த பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தவர்கள் பற்றிய கட்டுரை படித்தேன். 1919-இல் தாகூர், 1920-இல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கத்தை அனுப்பிவிட்ட காந்தி, எல்லாம் சரி. இவர்களுக்கு முன்பே, 1918-லேயே 'சர்' பட்டம் வேண்டாம் என்று சொன்ன மணி ஐயர் பெயர் ஒரு வரியில்கூட இல்லையே! தமிழ்ப் பத்திரிகையே விட்டுவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

மதுரைக்காரர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயரைத்தான் சொல்கிறேன். சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதியாக உட்கார்ந்த முதல் இந்தியர். 1917 ஜூனில் அன்னி பெசன்ட்டை ஊட்டியில் காவலில் வைத்தபோது, இந்தியாவுக்குச் சுயாட்சி கேட்டு பெசன்ட் தொடங்கிய ஹோம் ரூல் லீகின் கௌரவத் தலைவராக இருந்த இவர் அமெரிக்க அதிபர் வில்சனுக்கே நேராகக் கடிதம் எழுதி, அதைத் தபாலில் சேர்க்காமல் அமெரிக்கா திரும்பிய ஒரு தம்பதியிடம் கொடுத்தனுப்பினார். மறு வருஷம் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு அந்தக் கடிதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அப்போது ஐயருக்கு 75 வயது. பெயருக்கு முன்னால் 'சர்' சேர்த்த கே.சி.ஐ.இ., இன்னொரு அரசுப் பட்டமான திவான் பகதூர் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த கே.சி.ஐ.இ. என்ன என்பதிலும் கட்டுரை குழப்பிவிட்டது. நீங்கள் போட்ட படம் 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்ற ஆர்டருடையது (ஆர்டர் என்றால் பல வகுப்புகள் கொண்ட அரச கௌரவ அமைப்பு). அது 1861-இல் விக்டோரியா ஏற்படுத்தியது, பெரும்பாலும் மகாராஜாக்களுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும். ஓரத்தில் வெள்ளை ஓடும் வெளிர் நீல ரிப்பன், வைரம் பதித்த ஐந்து முனை நட்சத்திரம், 'விண்ணொளியே நம் வழிகாட்டி' என்ற பொருளில் ஆங்கில வாசகம். இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியர்களும் அணிய வேண்டியது என்பதால் சிலுவையே வைக்கவில்லை. மற்ற ஆர்டர்களில் உள்ள, சிலுவை என்ற பொருள் வரும் 'கிராண்ட் கிராஸ்' என்ற வகுப்புப் பெயர்கூட இதில் 'கிராண்ட் கமாண்டர்' ஆனது. நம்மவர்களை வளைக்க எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

மணி ஐயருடையது அதற்கு அடுத்த படியான 'இந்தியன் எம்பயர்' ஆர்டர், 1878-இல் வந்தது. கரு நீல ரிப்பன். அதன் பதக்கத்தைப் பெரிதாக்கிய படத்தில் பார்த்தால் அசந்துபோவீர்கள்: மேலே கிரீடம், கீழே சிவப்பு எனாமல் பூசிய ஐந்து இதழ் ரோஜா, நடுவில் விக்டோரியாவின் முகம், சுற்றி லத்தீன் எழுத்து. ஆரம்பத்தில் செய்த பெரிய பதக்கங்களில் இதழுக்கு ஒன்றாக இந்தியா என்ற பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் பொறித்திருந்தார்கள், 1887-இல் பதக்கத்தைச் சிறிதாக்கியபோது எடுத்துவிட்டார்கள். மேல் வகுப்பினர் விழாக்களில் அணியும் கழுத்துச் சங்கிலியில் யானை, மயில், தாமரை எல்லாம் உண்டு. தாகூருக்கு 1915-இல் கிடைத்தது இந்த இரண்டுமே இல்லை, எந்த ஆர்டரிலும் சேராத 'நைட் பேச்சலர்'. மூன்றையும் ஒன்றாகப் போட்டு 'சர் பட்டம்' என்று முடித்துவிட்டால் யார் எதை விட்டார்கள் என்பதே புரியாது.

இதில் தில்லிக்காரர்களுக்குத் தனி அக்கறை இருக்க வேண்டும். விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்த 1877 தர்பார் நடந்தது இங்கேதான், கிங்ஸ்வே கேம்ப்புக்கு அப்பால் இருக்கும் இன்றைய கோரனேஷன் பார்க் இடத்தில். அதன் நினைவாகத்தான் மறு வருஷம் இந்தியன் எம்பயர் ஆர்டரே பிறந்தது. இப்போது அங்கே இந்தியா கேட்டிலிருந்து கொண்டுபோன ஐந்தாம் ஜார்ஜ் சிலையும் வைஸ்ராய்கள் சிலைகளும் நிற்கின்றன. தில்லித் தமிழ்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போது, மணி ஐயர் கதையையும் அந்த இடத்திலேயே நின்று சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்: படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள், அப்புறம் அடுத்த ஞாயிறு இல்லாவிட்டாலும் சீக்கிரமே மணி ஐயரைப் பற்றி முழுப் பக்கம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
ஆர்.கே. புரம், புதுதில்லி