தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனாலும் மாப்பிள்ளை வாங்கி வரும் டோனட்டை விடுவதில்லை. நான் எது அனுப்பினாலும் வாட்ஸ்அப்பில் நீ கட்டைவிரல் மட்டும் போடுகிறாய். வேலை இருக்கும், தெரியும். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். முடிந்தபோது படி. சாப்பிட்டுவிட்டுப் படி.

சனிக்கிழமை ஹோஹன்வால்ட் என்ற சின்ன ஊருக்குப் போனோம். டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லுக்குத் தென்மேற்கே. சர்க்கஸில் உழைத்து ஓய்ந்த யானைகளுக்கு அங்கே சரணாலயம் இருக்கிறது. ஆனால் யானைக்குப் பக்கத்தில் யாரையும் விட மாட்டார்களாம், கேமராவில்தான் பார்க்கலாம். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சமாதானத்துக்காக மாப்பிள்ளை எங்களை மெரிவெதர் லூயிஸ் என்ற அந்தக் காலத்து அமெரிக்கப் பயணியின் சமாதிக்குக் கூட்டிப்போனார்.

மரங்களுக்கு நடுவே ஒரு கல்தூண், இருபது அடி இருக்கும். உச்சி ஒடிந்திருந்தது. இடி விழுந்ததா என்று கேட்டேன். இல்லையாம். 1848-ல் டென்னசி அரசு வைத்தபோதே அப்படித்தான் செதுக்கினார்களாம், அற்பாயுசில் போனவர் என்பதற்காக. 35 வயது. உன்னைவிட மூன்று வயது பெரியவர்.

இந்த லூயிஸ் பட்டாளத்துக் கேப்டன். ஜனாதிபதி ஜெபர்சனிடம் செயலாளராக இருந்தவர். 1804-ல் கிளார்க் என்பவரோடு மேற்கே கிளம்பி, பசிபிக் கடலைப் பார்த்துவிட்டு 1806-ல் திரும்பினார். ‘ஏற்கெனவே ஜனங்கள் குடியிருந்த இடத்தில் இவர் என்ன புதிதாகக் கண்டார்’ என்று அப்பா ஆரம்பித்தார், அதுவும் நியாயம்தான். ஆனால் அவ்வளவு தூரத்தில் ஒரே ஒருவர்தான் இறந்தார், அதுவும் நோயில். மற்ற எல்லாரையும் ஊர் சேர்த்துவிட்டார். வெள்ளத்தின்போது உன் ரூம் பையன்களை எல்லாம் நம் வீட்டுக்குக் கூட்டி வந்தாயே, அது ஞாபகம் வந்தது. இட்லி ஊற்றி மாளவில்லை, ஆனால் தெருவே உன்னைப் பற்றித்தான் பேசியது.

திரும்பி வந்ததும் கவர்னர் பதவி கொடுத்தார்கள். கஷ்டம் அப்புறம்தான். அரசாங்க வேலைக்காக அவர் கையெழுத்துப் போட்ட பில்களை வாஷிங்டனில் ஏற்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஒன்று 18 டாலர் சொச்சம், இன்னொன்று 500 டாலர். அது தெரிந்ததும் கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் நெருக்கினார்கள். பயணக் குறிப்புகளைப் புத்தகமாகப் போடு என்று ஜெபர்சன் கேட்டுக்கொண்டே இருந்தார். இவரிடமிருந்து பதில் இல்லை. பதிப்பாளருக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை என்பது செத்த பிறகுதான் தெரிந்தது.

கடன் யாருக்கு இல்லை தம்பி? நம் வீட்டு மாடி எதில் எழும்பியது என்று உனக்குத் தெரியும். சின்ன மாமா ஏதோ சொன்னார், நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நீயாகச் சொன்னால் சொல்லு. சொல்லாவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி விழிக்காதே.

லூயிஸ் அந்தப் பயணத்தில் 31 வயது முடிந்த அன்று, மலைப்பகுதியில் இருந்தபோது, ‘இதுவரை நான் செய்தது மிகக் கொஞ்சம்’ என்ற மாதிரி தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை அதைப் போனில் படித்துக் காட்டும்போது அக்கா என்னைப் பார்த்தாள். போன தீபாவளிக்கு மொட்டைமாடியில் நீ சொன்னதை அவளும் மறக்கவில்லை.

1809-ல் கணக்கைத் தீர்க்க வாஷிங்டன் கிளம்பியவர், வழியிலேயே உயில் எழுதிவிட்டார். கடன் போக மீதியெல்லாம் அம்மாவுக்கு. அந்த அம்மா வர்ஜீனியாவில் பச்சிலை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். அக்டோபர் 10 அன்று லூயிஸ் காட்டுப்பாதையில் ஒரு சத்திரத்தில் தங்கினார். இப்போது தூண் நிற்பதற்குப் பக்கத்திலேயே. கூட வந்த அதிகாரி தொலைந்த குதிரைகளைத் தேடப் பின்தங்கிவிட்டார். ராத்திரி இரண்டு வெடிச்சத்தம். காயத்தோடு அடுக்களை வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டிருக்கிறார். சத்திரக்காரர் மனைவி பயந்துபோய்க் கதவைத் திறக்கவில்லை. வாளியைச் சுரைக்குடுக்கையால் சுரண்டுகிற சத்தம் கேட்டது என்று, பிறகு அந்த வழியாக வந்த வில்சன் என்ற பறவை ஆராய்ச்சியாளரிடம் அவரே சொல்லியிருக்கிறார். விடிந்த பிறகுதான் ஆள் போய் வேலைக்காரர்களை எழுப்பியது. வெயில் மரத்துக்கு மேலே வரும்போது உயிர் போய்விட்டது. சமாதிக்கு வேலி போடப் பணம் கொடுத்தது அந்த வில்சன்தான்.

தூண் வைத்த கமிட்டி கொலையாகத்தான் இருக்கும் என்று எழுதியது. ஜெபர்சனும் கிளார்க்கும் அப்படி நினைக்கவில்லை. கொலையேதான் என்று அப்பா வீடு வரைக்கும் காரில் வாதாடிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

உனக்கு ராத்திரி என்றால் எனக்கு இங்கே பகல். எந்நேரம் கூப்பிட்டாலும் என் தூக்கம் கெடாது, சும்மாதான் இருக்கிறேன். பேச விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குட்டிப்பயல் பேசுவான்.

நாங்கள் ஊர் திரும்பும் வரைக்கும் நீ அந்த ரூமில் இருக்க வேண்டாம், பெரியம்மா வீட்டுக்குப் போய்விடு. மாடி அறையைக் காலி செய்து வைக்கச் சொல்லிவிட்டேன். எதற்கென்று அவளிடம் சொல்லவில்லை. கேட்டால், ரூமில் தண்ணீர் கஷ்டம் என்று சொல்.

அன்புடன்,
அம்மா