ஆறு அறையில் பத்தொன்பது பேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், வடநாட்டுக்காரர்கள் கூட்டங்கூட்டமாக வந்ததால்தான் திருப்பூரில் வாடகை ஏறிப்போச்சு என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வாடகையை ஏற்றியது யாரென்று எனக்கு நன்றாகவே தெரியும், ஏற்றினவர்களில் நானும் ஒருத்தன்.

தாராபுரம் பக்கம் கிணறு வற்றிப்போய், பதினெட்டு வயசில் இங்கே பனியன் கம்பெனிக்கு வந்தவன் நான். தைக்கும் துணியை மடித்துக்கொடுக்கும் கைமடி வேலையில் ஆரம்பித்து டெய்லரானேன். சீட்டுப் பணம் எடுத்து மூன்று சென்ட் இடம் வாங்கி, பத்துக்குப் பத்தில் ஆறு அறை, மேலே ஆஸ்பெட்டாஸ் ஷீட், கடைசியில் இரண்டு கக்கூஸ் என்று ஒரு லைன் வீடு கட்டினேன். முதலில் குடிவந்தவர்கள் தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல் பக்கத்துக் குடும்பங்கள். அப்போதும் ஊருக்குள் இதே பேச்சுதான், தெற்கத்திக்காரன் வந்துவிட்டான், இனி ஊர் தாங்காது என்று. அவர்கள் பிள்ளைகள் இப்போது இங்கேயே வீடு கட்டி, அவர்களும் வாடகைக்கு விடுகிறார்கள்.

இப்போது என் ஆறு அறையிலும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் ஆட்கள். குடும்பத்துக்கு விட்டால் அறைக்கு நாலாயிரத்து ஐந்நூறு கிடைக்கும். பையன்களுக்கு விட்டால் தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு, நாலு பேர் படுத்தால் ஆறாயிரம். கணக்கு எளிதுங்க. எந்த அறையில் யாரை வைப்பேன் என்று நீங்களே சொல்லிவிடலாம். அதனால் உள்ளூர்க் குடும்பத்துக்கு அறை கிடைக்கவில்லை என்றால் அது அந்தப் பையன் செய்த வேலை அல்ல. அவனுக்கு நாலு பேரோடு படுக்க ஆசையா என்ன? ஒரு அறையில் பகல் ஷிப்டு ஆள் எழுந்து போனதும் நைட் முடிந்து வந்தவன் அதே பாயில் படுக்கிறான்.

கரண்டையும் சொல்லிவிடுகிறேன், பாதி உண்மை சொல்லி என்ன பயன். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். என் லைனில் ஆறு அறைக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ், உள்ளே சப்மீட்டர். அந்த நூறு யூனிட் என் பெயரில் கழிந்துவிடும். குடியிருப்பவரிடம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறேன். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். சரி, இது எனக்கும் என் மனசாட்சிக்கும் உள்ள விவகாரம்.

நான் எழுத வந்தது பஸ்ஸைப் பற்றி.

வாடகையை ஒரு கணக்காகவும் பஸ் காசை வேறு கணக்காகவும் பார்க்கிறோம். வேலைக்குப் போகிற வீட்டில் இரண்டும் ஒரே கணக்குதான். கம்பெனிக்குப் பக்கத்தில் இருந்தால் வாடகை கூட, தள்ளிப் போனால் வாடகை குறையும், அந்த மிச்சத்தை ஷேர் ஆட்டோ தின்றுவிடும். அரசாங்கம் ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 பிப்ரவரியில் கோவைக்கு வந்த பிரதமர் திறந்துவைத்ததில் வீரபாண்டியில் 1,280 வீடு, திருக்குமரன் நகரில் 1,248 வீடு, இரண்டும் நம்ம திருப்பூருக்கு. ஓடை ஓரத்துக் குடிசையில் இருந்தவர்களுக்கு மழை பெய்தால் நனையாத வீடு கிடைப்பது சின்ன விஷயமா. ஆனால் இதுமாதிரிக் குடியிருப்புகளுக்கு இடம் தேடும்போது எங்கே புறம்போக்கு கிடைக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள், அங்கிருந்து ஆட்கள் எங்கே வேலைக்குப் போவார்கள் என்று பார்ப்பதில்லை. கோவையிலும் இதே கதை. குளக்கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் அனுப்பினார்கள். ஆர்.எஸ்.புரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண், காலையில் ஆறு மணிக்கு அங்கிருந்து எப்படி வந்து சேருவாள்?

எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு அம்மிணிக்கு அப்படி ஒரு அடுக்குமாடியில் வீடு விழுந்தது. சந்தோஷமாகத்தான் போனாள். செக்கிங் வேலை, கம்பெனி ஊரின் அந்தக் கோடியில். பெரிய கம்பெனி என்றால் வேன் விடுவார்கள், இது இருபது மிஷின் போட்டுத் தைத்துக்கொடுக்கும் சின்ன யூனிட், பவர் டேபிள் என்போம், அங்கே ஏது வேன். இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், திருப்பூரில் யாரும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போவதில்லை. ஒன்றரை ஷிப்டு என்றால் காலை எட்டரைக்கு ஏறி ராத்திரி எட்டரைக்கு இறங்க வேண்டும். ஒருநாள் அந்த நேரத்துக்கு நானே பஸ் ஸ்டாப்பில் நின்றேன். முப்பது நாற்பது பெண்கள் இருக்கும். தலையெல்லாம் பஞ்சுத்தூசி, கையில் காலித் தூக்குப்போசி, பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் ஒடியாவோ இந்தியோ. முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்த பஸ் ஒன்று எட்டு இருபதுக்கே போய்விட்டதாம், அடுத்தது வந்தபோது ஒன்பதைத் தாண்டிவிட்டது, அதுவும் பாதிவழிதான் போகும் என்றார் கண்டக்டர். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். அந்த அம்மிணி என்னைப் பார்த்து, "ஏனுங்கண்ணா, உங்க ரூம்ல ஒண்ணு காலியாச்சுனா சொல்லுங்க, அந்த வீட்டப் பூட்டி வச்சிட்டு வந்துர்றேன்" என்றாள். அரசு கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு என் ஆஸ்பெட்டாஸுக்குள் வர ஒருத்தி கேட்கிறாள் என்றால் எங்கே கோளாறு என்று யோசித்துப் பாருங்கள்.

2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்தது உண்மையிலேயே பெரிய காரியம். மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று அரசே கணக்குச் சொல்லியிருக்கிறது. ஒடிசாப் பெண்ணும் ஏறலாம், உசிலம்பட்டிப் பெண்ணும் ஏறலாம், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு அதில் பிடித்தது. ஆனால் வராத பஸ்ஸில் டிக்கெட் இலவசமாக இருந்து என்ன செய்ய? டவுன் பஸ் நேரமெல்லாம் இன்னும் ஆபீஸ், பள்ளிக்கூடம், சந்தை என்ற பழைய ஊருக்குப் போட்ட நேரமாகவே இருக்கிறது. ஷிப்டு விடும் எட்டரைக்கும் ஒன்பதேகாலுக்கும் நடுவில், வடக்கே இருக்கும் கம்பெனிப் பக்கமிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வழியாகத் தெற்கே குடியிருப்புகள் வரைக்கும் இரண்டே இரண்டு நடை கூட விட்டால் போதும். சனிக்கிழமை வாரச் சம்பளம், அன்றைக்கு இன்னொன்று. மேம்பாலம் கட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

வடநாட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பக்கத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள், ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளை, மிஞ்சிப்போனால் இரண்டு. அந்த ஒன்றும் படித்து பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போய்விட்டது, என் பையனும்தான். ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார ஆள்? 2023 மார்ச்சில் வடநாட்டு ஆட்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்களே, அந்த வாரம் கம்பெனி முதலாளிகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வடக்கே போகும் தன்பாத் வண்டி நிற்கும் பிளாட்பாரத்துக்கே போய்க் கெஞ்சினவர்கள் உண்டு.

இன்னொன்று. 2025 நவம்பரில் கோவை மெட்ரோ ரயில் திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள் இருக்க வேண்டுமாம், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாநகராட்சியில் 15.84 லட்சம்தானாம். இதில் யார் சரி என்ற அரசியலுக்கு நான் வரவில்லை. 2011-இல் எங்கள் திருப்பூர் நகர்ப்பகுதியில் 9.63 லட்சம் பேர், அதற்குப் பத்து வருஷத்துக்கு முன் ஐந்தரை லட்சம்தான். என் இரண்டாம் நம்பர் அறைப் பையனுக்கு 2011-இல் ஏழு வயசு, ஒடிசாவில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அவனை எண்ணாத கணக்கை வைத்துத்தான் இன்றைக்கும் பஸ், தண்ணீர், குப்பை வண்டி எல்லாம்.

எண்ணாததற்கு நாங்களும் காரணம். யாராவது நோட்டோடு வந்து கேட்டால் "ரூமுக்கு ரெண்டு பேருங்க" என்போம். வரி ஏறிவிடும், கமர்ஷியல் என்று போட்டுவிடுவார்கள் என்ற பயம். 2027 கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது என் லைனில் இருக்கும் பத்தொன்பது பேரையும் பெயரோடு சொல்லிவிடுவதாக இருக்கிறேன். கணக்கெடுப்பில் சொல்வது சட்டப்படி ரகசியம், அதை வைத்து வரி போட முடியாது என்று வாத்தியார் ஒருவர் சொன்னார். என் சம்சாரம் இன்னும் நம்பவில்லை, பன்னிரண்டு என்று சொன்னால் போதும் என்கிறாள்.

இப்படிக்கு,
லைன் வீட்டுக்காரர் ஒருவர்,
பல்லடம் ரோடு, திருப்பூர்.