காபி ஃபில்டரில் வெட்டிவேர்

கிருஷ்ணகிரி,
மாசி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். உன் முழங்கால் வலி என்ன ஆச்சு? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். இங்கே மாமரங்கள் பூத்துவிட்டன. சாயங்காலம் காவேரிப்பட்டணம் ரோட்டில் போனால் பஸ்ஸுக்குள்ளேயே பூ வாசம் வருகிறது.

மாமியாரின் பழைய பாத்திரங்களை எடைக்குப் போடப் போவதாக எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறுடி. நல்ல பித்தளைக்கு நாலு காசு வரும், சரி. நசுங்கிய டவராவுக்கும் வாய் விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடிக்கும் என்ன தருவார்கள்? நான் அதையெல்லாம் வீட்டுக்கு வாசம் தரும் சாமானாக மாற்றி வைத்திருக்கிறேன். கடையில் விற்கும் ஸ்ப்ரே அடித்தால் எனக்குத் தலைவலிதான் வருகிறது.

எல்லாவற்றிலும் உசத்தி காபி ஃபில்டர். நம் வீடுகளில் மூலையில் ஒன்று கிடக்கும். ஓட்டைகளில் பழைய காபித்தூள் அடைத்திருந்தால், மேல் பாத்திரத்தை அடுப்புத் தணலில் கொஞ்ச நேரம் காட்டி, ஆறியதும் ஊசியால் குத்தினால் திறந்துகொள்ளும். பித்தளை என்றால் புளி போட்டுத் தேய். புளிக்கு நம் ஜில்லாவில் பஞ்சமா! அப்புறம் கீழ்ப் பாத்திரத்தில் கொதிநீர் ஊற்று. மேலே வெட்டிவேர், எலுமிச்சைத் தோல், தட்டிய கிராம்பு போட்டு மூடாமல் வை. ஆவி ஓட்டை வழியாக ஏறி வேரை நனைத்துக்கொண்டு வெளியே வரும். கூடம் முழுக்க அந்த ஈரமண் வாசம்! வேரைக் காயவைத்தால் திரும்பவும் போடலாம். அதன் எண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும்.

ஊறுகாய் ஜாடிக்குப் பன்னீர் ரோஜா. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்த்து ஏற்றுமதி செய்யும் ரோஜா வேண்டாம். பார்க்க அழகு, நாள்பட வாடாது, ஆனால் வாசம் சொற்பம். நாட்டுப் பன்னீர் ரோஜா இதழை நிழலில் பாதி காயவிடு. வெயிலில் போட்டால் வாசமே போய்விடும். தோல் மாதிரி துவண்டதும் ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு கல் உப்பு என்று ஜாடியில் நிரப்பி மூடு. உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இதழ் அழுகாது. சில வாரம் கழித்துப் பட்டையும் கிராம்பும் பொடித்துக் கலந்து, ஆள் வரும் நேரத்தில் மூடியைத் திற. ஊறுகாய் நெடி இருந்தால் ஜாடியை முதலில் வெயிலில் நன்றாகக் காயவை.

டம்ளரில் மெழுகுவத்தியும் ஊற்றலாம். தேன்மெழுகு 65 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் நேராக அடுப்பில் வைக்காதே, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்கு. எரியும்போது டம்ளர் சுடும், அடியில் தட்டு வை. ஈயச் சொம்பை மட்டும் இதற்கு எடுக்காதே. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், சுடர் பட்டால் சொம்பு போச்சு. அதில் காய்ந்த மரிக்கொழுந்தைச் செருகி வை, போதும். பேரன் தவழ்கிறான் என்றாயே, கற்பூரத்தை எதிலும் திறந்து வைக்காதே. வாயில் போட்டால் வலிப்பே வந்துவிடும்.

அந்த ஃபில்டர் பித்தளையா எவர்சில்வரா என்று எழுது. ஊருக்கு வருகிற ஆள் ஒருவரிடம் வெட்டிவேர் ஒரு கட்டு கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி