வெட்டியெடுத்த கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

மதிப்புக்குரிய எலும்பு, அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் அக்காவின் வலது சுட்டுவிரலிலிருந்து அறுத்தெடுத்த கட்டியை யாரும் பயாப்ஸிக்கு, அதாவது நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் 'கட்டி அகற்றப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது. இப்போது அதே இடத்தில் மறுபடியும் கட்டி. முன்பு எடுத்தது என்ன என்று புது மருத்துவர் கேட்கிறார். எங்களிடம் பதில் இல்லை.

கையில் வரும் கட்டிகளில் நீர்க்கட்டிக்கு அடுத்து அதிகம் வருவது, தசையை எலும்போடு இணைக்கும் நாணைச் சுற்றியுள்ள உறையில் பெரிய செல்களோடு வளரும் 'தசைநாண் உறையின் ராட்சத செல் கட்டி' என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதே உறையில் அரிதாக நார்க்கட்டியும் வரும். இரண்டும் புற்றுநோய் இல்லை. இரண்டும் கெட்டியாக, பெரும்பாலும் வலியில்லாமல் மெதுவாக வளர்வதால் தொட்டுப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ராட்சத செல் கட்டி திரும்ப வருவது சகஜம். பக்கத்து எலும்பையும் அரிக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் அதன் இரும்புப் படிவு கறுப்பாகத் தெரிந்து துப்புக் கொடுக்கும். உறுதியாகச் சொல்வது நுண்ணோக்கிதான்.

அக்காவுக்கு முதலில் நீர்க்கட்டி என்று சொல்லி ஊசியால் உறிஞ்சினார்கள். ஒரு சொட்டுகூட வரவில்லை. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்திருந்தால் உள்ளே இருப்பது நீரா, திசுவா என்று அன்றே தெரிந்திருக்குமே.

அக்கா தையல்காரர். வீங்கிய விரலைக் கத்தரிக்கோல் வளையத்துக்குள் நுழைக்க முடியவில்லை. வேறு விரலால் பிடித்து வெட்டினால் கோடு விலகுகிறது. அதனால் முகூர்த்த மாதத்தில் வந்த பட்டு ஜாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைவிடக் கொடுமை, "புத்துநோயா இருக்குமோ" என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பது. இல்லை என்று சொல்ல ஒரு காகிதம் போதும். அந்தக் காகிதம்தான் இல்லை.

வெளிநோயாளிகள் கூட்டம் எங்களுக்கும் தெரியும். அதற்காக நோயாளி சொல்வதை முழுதாகக் கேட்காமலே சீட்டு எழுதுவதும், 'சின்னக் கட்டிதானே' என்று வாயை அடைப்பதும் எந்த ஊர் நியாயம்? சரி, கோபத்தில் பேச்சு எங்கோ போகிறது, மன்னியுங்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். விரல் கட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஊசி குத்துவதற்கு முன் ஸ்கேன் பாருங்கள். வெட்டியெடுத்ததைத் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டுக் கட்டாயம் பயாப்ஸிக்கு அனுப்புங்கள். ரிப்போர்ட்டின் நகலை நோயாளி கையில் கொடுங்கள். அக்காவுக்கு மறுபடி அறுவை சிகிச்சை செய்யப் போகிறார்கள். இந்த முறையாவது அந்தக் கட்டியை அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தம்பி